கல்கால் பாக்கி

இபுராம்சா மவுத்தான பதினோராம் நாள்
வாசலில் ஒரு லாரி வந்து நின்றது.
பந்தலுக்கு இறக்கிய நாற்பத்தெட்டுக் கல்காலில்
பாக்கி பதினாறாயிரத்து இருநூறு.
பணம், இல்லையென்றால் கல்.

நான் இத்தாவில் இருந்தேன்.
அந்நிய ஆணுக்குக் காட்ட முகம் இல்லை.
கதவுக்குப் பின்னால் நின்று சொன்னேன்:
பிடுங்கிக்கொண்டு போங்கள்.

கொல்லைக்குப் போனவர் வெகுநேரம் திரும்பவில்லை.
கடப்பாரைச் சத்தமும் இல்லை.
வந்து, கதவிடம் சொன்னார்:
"கொடி கம்பியத் தொட்டிருச்சும்மா.
இப்பக் கல்ல எடுத்தா
கழுத்த நெரிச்ச மாதிரி."

புதுமடத்து மணலில் திராட்சையா என்று
ஊர் சிரித்த சிரிப்பு இன்னும் எனக்குக் கேட்கும்.
தம்மாமில் இருபது வருஷம் ஏசி மாட்டிய மனிதர்
திரும்பி வந்த வாரமே சுருளிப்பட்டிக்குப் பஸ் ஏறி
ஈரச்சாக்கில் சுற்றிய குச்சிகளோடு வந்து இறங்கினார்.
"கடக்காத்து இலையப் பொசுக்குமே" என்றேன்.
"நம்மளப் பொசுக்கலையே" என்றார்.
பந்தல் பாதி ஏறியிருந்தது.
சுபுஹு தொழுதுவிட்டு, மோட்டார் போட்டுவிட்டு
வந்து சாய்ந்தவர்தான்.
மதியம்தான் யாரோ மோட்டாரை அணைத்தார்கள்.
அதுவரை பாத்தி நிறைந்து
தெரு வரைக்கும் தண்ணீர்.

லாரிக்காரர் பெயர் ஒச்சப்பன்.
ராமேஸ்வரத்துக்குக் கல் ஏற்றும்போதெல்லாம்
உச்சிப்புளியில் வண்டியைத் திருப்பிவிடுவார்.
பக்கக் கிளை கிள்ளுவார், சணல் கட்டுவார்.
கதவிடம் வந்து ஒப்பிப்பார்:
செம்பேன் இருக்கு, வேப்பெண்ணெய் அடிச்சிருக்கேன்,
பாக்கி அப்படியே இருக்கு.

மூன்றாம் மாதம் ஒரு நாள் ஒப்பிக்கவில்லை.
மகள் என்றார். பதினேழு வயசு என்றார்.
கிணறு என்றார்.
வீட்டில் யாரும் அவள் பெயரைச் சொல்வதில்லை,
அவள் தட்டில் நாய்க்குச் சோறு வைக்கிறார்கள் என்றார்.
பிறகு பெயரைச் சொன்னார்.
அதை இங்கே எழுத மாட்டேன்.
தாழ்ப்பாளைப் பிடித்தபடி நின்றேன்,
விட்டால் ஓசை வரும்.

நாலு மாசம் பத்து நாள் முடிந்து
வெளியே வந்து பார்த்தேன்.
அந்தக் குரலுக்கு நான் வைத்திருந்த மீசை
அவருக்கு இல்லை.
ஒல்லி. ஒரு காதில் மட்டும் கடுக்கன்.
தரையைப் பார்த்து "கவாத்துக்கு நாளாச்சு" என்றார்.
நான் தேத்தண்ணி வைத்தேன்.
ஆடை கட்டும்வரை இருவரும் அதையே பார்த்தோம்.

வெட்டிய கொடி நுனியெல்லாம் நீர் சொட்டியது.
"அழுகுதா மாமா?" என்று கேட்டான் என் சின்னவன்.
"இல்லடா. வேர் தண்ணியத் தள்ளுது.
வெட்டுனது அதுக்கு இன்னும் தெரியாது."

அடுத்த முறை லாரிச் சத்தம் கேட்டதும்
நானே போய்க் கதவைச் சாத்தினேன்.
பின்னால் பாய் போட்டு உட்கார்ந்தேன்.
அந்தப் பக்கம் படியில் அவர் உட்காரும் சத்தம்.
அன்றைக்கு அஸர் பாங்கு வரை பேசினோம்.
இபுராம்சா குறட்டையைப் பற்றி,
அவர் சொல்லாமல் வாங்கிய கடன்களைப் பற்றி,
கிணற்றை மூடுவதா வேண்டாமா என்பதைப் பற்றி.
"இத்தா முடிஞ்சும் என்னடி கதவு?" என்றார் மாமி.
இது வேற கதவு என்றேன்.

நூற்றிருபதாம் நாள் அறுத்தோம்.
எல்லாம் சேர்த்து ஆறு கிலோ.
பாதி குருவிக்குப் போக மீதி.
ஊர் வந்து தின்று பார்த்து, சிரிக்காமல் போனது,
அவ்வளவு புளிப்பு.

ஒரு கொத்தைக் கதவிடுக்கில் நீட்டி
அந்தப் பெயரைச் சொன்னேன்,
இது அவளுக்கு என்று.

அந்தப் பக்கம் வெகுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு,
"உப்பாத்தான் இருக்கு" என்றார்.

இருநூறு ரூபாயும் நீட்டினேன்.
நோட்டில் குறித்துக்கொண்டார்.
பாக்கி பதினாறாயிரம்.